எண் இல்லாத அறை

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த வாத்தியாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயம் பற்றவைத்துச் சுட்டுக்கொண்ட விரல்கள்தான் சொல்லித் தந்தன. இன்றைக்கு நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃபிரீஸ்லாந்தில் கடலணையிலிருந்து உள்நாடு வரை எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் சரி, பழைய கோட்டைக்கோ பூந்தோட்டத்துக்கோ போனாலும் சரி, வாசலில் ஒரு கருவியைக் கொடுத்துக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்றால், அதற்குள் ஒரு குரலைக் குடிவைத்தவன் பெரும்பாலும் இந்த வீபேதான். பெருமைதான். சம்பாதித்த பெருமை, யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை.

ஒலிப்பதிவு செய்ய நடிகர்கள், மந்திரிகள், பாதிரியார்கள், ஒரு சீமாட்டி என்று எத்தனையோ பேர் என் ஒலிவாங்கியின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் முகம்கூட மறந்துவிட்டது. மறக்காதவள் ஒருத்திதான். சிட்ஸ்கே.

அவள் தீவுக்காரி. அப்பாவுக்கு இறால் படகு. எங்கள் கடலில் கிடைக்கும் பொடி இறாலைப் படகிலேயே வேகவைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். அதைத் தோலுரிப்பது தீவின் வீடுகளில் நடக்கும் வேலை. சாப்பாட்டு மேசையில் ஒரு குவியலைக் கொட்டி, குடும்பம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்து, ஒரு திருகு, ஒரு இழுப்பு, அடுத்தது. சிட்ஸ்கேக்கு ஆறு வயதில் அந்த மேசையில் இடம் கிடைத்தது. கை வேலை செய்துகொண்டே இருக்கும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் வாய் நின்றால் கையும் நின்றுவிடும், கை நின்றால் வாயும் நின்றுவிடும்.

கட்டிக்கொண்ட கோஸ்ஸே, தீவுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஃபெரியில் கயிறு கட்டும் வேலைக்காரர். நல்ல மனிதர். பேச்சு மட்டும் அவருக்கு வீண்செலவு மாதிரி. அவர் பங்குக்கும் இவளே பேசினாள். பிறகு கோஸ்ஸே போய்ச் சேர்ந்தார். மகள் கடல் தாண்டி நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துச் சுகாதாரச் சட்டம் என்று ஒன்று வந்து, வீட்டில் இறால் உரித்து விற்கக் கூடாது என்றார்கள். இறால் லாரியேறி, கூலி மலிவான மொராக்கோ வரை போய் உரிபட்டுத் திரும்பி வந்தது. சிட்ஸ்கேயின் மேசையில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் யாரும் இல்லை.

அப்போதுதான் தீவின் அருங்காட்சியகத்தில் அறைக்காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அது பழங்காலத்துத் திமிங்கில வேட்டைக் கப்பல்தலைவர் ஒருவரின் வீடு. வாசலில் தூண் மாதிரி நட்டுவைத்த திமிங்கிலத் தாடையெலும்பு, நீலப் பூவோடு சுவர் முழுக்கப் பதித்த ஓடுகள், கடைசியாகப் பின்னறையில் அலமாரிபோல் கதவு வைத்த கட்டில். அந்தப் பின்னறையில் ஒரு நாற்காலி. சிட்ஸ்கே அதில் உட்கார்ந்தாள். மறுபடி பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசினாள் என்றால், பொய் பேசினாள். மறைப்பானேன். கப்பல்தலைவர் பனிக்கடலில் தொலைந்து போனாராம். மனைவி வருஷக்கணக்கில் ஜன்னலில் விளக்கு வைத்துக் காத்திருந்தாளாம். கடைசியில் அந்தக் கட்டிலின் கதவை ஆணியடித்து மூடிவிட்டு நாற்காலியிலேயே தூங்கினாளாம். ஆணிப் பொத்தலைக்கூடக் காட்டுவாள். கேட்டவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய் நாலு அஞ்சலட்டை வாங்குவார்கள்.

இயக்குநர் ரூலோஃபுக்கு இது பொறுக்கவில்லை. அவன் லெய்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஒல்லியான, சத்தம் போடாத மனிதன். நியாயஸ்தன்தான். தேவாலயப் பதிவேட்டில் கப்பல்தலைவர் எழுபது வயதுக்குமேல் வாழ்ந்து, கால்வீக்கத்தோடு அதே கட்டிலில் படுத்துச் செத்ததாகத் தெளிவாக இருக்கிறது. அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தான்.

"சிட்ஸ்கே, அந்த ஆள் கடல்ல சாகல. வீட்லதான் செத்தார்."

"யாரு காசு குடுத்து அதக் கேப்பா, டைரக்டரய்யா? எங்க மாமாகூட வீட்லதான் செத்தாரு."

அதனால்தான் ஆம்ஸ்டர்டாம் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டு ஒலிவழிகாட்டி செய்யச் சொன்னான். அறைக்கு அறை ஓர் எண். எண்ணை அமுக்கினால் காதில் உண்மை மட்டும் கேட்கும். மூலைக்கு ஒரு காமிரா. அறைக்காவல் வேண்டாம். சிட்ஸ்கேயை உட்காரவைத்து, பருவம் முடியும் அக்டோபரில் அவள் வேலையும் முடிகிறது என்று மரியாதையாகச் சொன்னான். அவள் பதில் ஒன்றும் பேசவில்லையாம். சிட்ஸ்கே பேசாதிருந்த ஒரே நாள் அதுதான் என்று ரூலோஃபே பிற்பாடு என்னிடம் சொன்னான்.

கம்பெனிக்காரர்கள் வேலையை முடித்துச் சோதித்துப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை எங்கள் நாட்டில் அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. காலி வீடு. ரூலோஃபும் கம்பெனிப் பெண் ஒருத்தியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண் எண்ணாக நடந்தார்கள். வெண்ணெய் தடவிய குரலில் ஒரு நாடக நடிகர் பேசினார். எல்லாம் அழகு. இந்தத் தொழிலில் படித்தவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது. காலி வீட்டில் எந்த வழிகாட்டியும் நன்றாகத்தான் இருக்கும். நான் சோதிப்பது மழைபெய்யும் ஞாயிற்றுக்கிழமையில், ஃபெரி வந்து ஈரக் கோட்டும் குழந்தை வண்டியுமாக ஜனங்களைக் கொட்டிவிட்டுப் போன பிறகு.

மே மாதம், இயேசு விண்ணேறிய விழா விடுமுறையில் திறந்தார்கள். ஒரு ஃபெரி ஜனம் அப்படியே உள்ளே வந்தது. முதல் எண் எங்கே இருந்தது? வாசலை ஒட்டிய இடுக்கு நடையில். நடிகர் சொல்கிறார்: "இங்கே ஒரு கணம் நில்லுங்கள். தலையை உயர்த்தி உத்தரத்தைப் பாருங்கள்." அங்கே ஒரு திமிங்கில ஈட்டி தொங்குகிறது. எங்கள் ஜனங்கள் எண் போட்டுச் சொன்னால் கேட்பார்கள். முதல் ஆள் நின்றான். அவன் பின்னால் வந்தவன் நின்றான். வாசல் வரை, வாசலைத் தாண்டித் தெரு வரை எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

சிட்ஸ்கே பின்னறையிலிருந்து வந்து கத்தியிருக்கிறாள்: "முன்னாடி நகருங்கப்பா! ஈட்டி முந்நூறு வருஷமா அங்கதான் தொங்குது, எங்கயும் ஓடிப்போகாது!"

யார் காதில் விழும்? எல்லார் காதும் அடைத்திருக்கிறதே. ஒவ்வொருத்தர் சட்டைக்கையாகப் பிடித்து இழுத்து நகர்த்தியிருக்கிறாள். ஒரு கிழவர் தன் பையைத் திருட வந்தாள் என்று கையை ஓங்கிவிட்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ரூலோஃப் என்னைக் கூப்பிட்டான். முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் முறை தொலைபேசியில் பேசும்போதுதான் சொன்னேன்.

தீவுக்குப் போனேன். வீட்டைச் சுற்றி நடந்தேன். ஜனங்கள் ஹெட்போனோடு தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். பின்னறையில் சிட்ஸ்கே நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு, சாமான்களோடு சாமானாக உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு சிறுமி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "இந்தக் கட்டில் ஏன் இத்தன குட்டை?" என்று கேட்டாள்.

"அவங்க எல்லாம் உக்காந்துகிட்டேதான் தூங்குவாங்க கண்ணு. நீட்டிப் படுத்தா பொணம்னு நெனச்சு சாவு வந்து தூக்கிட்டுப் போயிரும்னு பயம்."

நான் கதவோரம் நின்றுவிட்டேன். அந்தக் குரலில் உப்பு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நம் முட்டியைத் தட்டிப் பேசுகிற குரல். அதைக் கற்றுக்கொடுக்க எந்த நாடகப் பள்ளியாலும் முடியாது. ரூலோஃபைத் தனியே இழுத்துச் சொன்னேன்:

"எண்ணை எல்லாம் நான் மாத்தி வெக்கிறேன். ஆனா அந்த நடிகர் வேண்டாம். இவதான் பேசணும்."

"சிட்ஸ்கேயா? அவ சொல்றதெல்லாம் கட்டுக்கதை, வீபே."

"உண்மையை நீ எழுதிக் குடு. அவ வாய்ல போட்டு நான் எடுக்கறேன்."

அன்று மாலை இருவருமாக அவள் வீட்டுக்குப் போனோம். காபி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு மூடியைப் பக்கத்தில் வைத்தாள், அது நல்ல சகுனம். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் என்னை விட்டுவிட்டு ரூலோஃபைப் பார்த்தாள்.

"டைரக்டரய்யா, ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுங்க. என் குரல் அந்தப் பெட்டிக்குள்ள போயிருச்சுன்னா, நாற்காலில நான் எதுக்கு?"

ரூலோஃபுக்குப் பொய் சொல்ல வராது. காதெல்லாம் சிவந்தது. "எதுக்கும் இல்ல, சிட்ஸ்கே. அக்டோபர்னு சொன்னது சொன்னதுதான். பணம் ஒதுக்கறவங்க காமிராவுக்குத்தான் ஒதுக்கியிருக்காங்க."

"அப்போ என் குழிய என் வாயாலயே தோண்டச் சொல்றீங்க."

டப்பாவை மூடினாள். எங்கள் ஊரில் அதற்குமேல் உட்கார்ந்திருப்பவன் மனிதனே இல்லை. எழுந்தோம்.

மறுநாள் காலை நான் ஃபெரிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரூலோஃப் வழியனுப்ப வந்திருந்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் அவள் வந்து சேர்ந்தாள்.

"வீபே, நீ யாரு பக்கம்?"

"குரல் எங்க நல்லா இருக்கோ அந்தப் பக்கம்."

"பெரிய தந்திரக்காரன். சரி, பேசறேன். நடை, சமையலறை, முன்னறை, வாசல் எலும்பு, எல்லாம் பேசறேன். பின்னறை மட்டும் பேச மாட்டேன். அங்க எண் வெக்கக் கூடாது. அந்த ரூம் என்னோடது."

ரூலோஃப் தலையை ஆட்டினான். "கட்டில்தான் அந்த வீட்லயே முக்கியம். அங்க ஒண்ணுமே கேக்கலேன்னா ஜனங்க புகார் குடுப்பாங்க."

"கேக்கலேன்னா வாயைத் தொறந்து கேக்கட்டும். நான் உக்காந்திருப்பேன்ல?"

"கேட்டா என்ன சொல்லுவே? ஜன்னல் விளக்கா?"

சிட்ஸ்கே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "உண்மைய உண்மைன்னு சொல்றேன். நானா நெனச்சுக்கறத, நானா நெனச்சுக்கறதுன்னு சொல்லிட்டுச் சொல்றேன். போதுமா?"

ஃபெரி சங்கு ஊதியது. ரூலோஃப் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். "அக்டோபர் வரைக்கும் பாப்போம். ஜனங்க உன்னத் தேடி உக்காந்தாங்கன்னா நான் நகராட்சில போய்ப் பேசறேன். தாண்டிப் போயிட்டாங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"நீங்க பேசுவீங்களா?"

"சொன்னா செய்வேன்."

என் ஒலிப்பதிவுக்கூடம் தீவுக்கு எதிர்க்கரையில், பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கில் இருக்கிறது. சுவர் தடிப்பு, வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. நானே கட்டினேன். சிட்ஸ்கே ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்து, ரூலோஃப் எழுதிய தாளைக் கையில் பிடித்துப் படித்தாள். கடவுளே! சாவு அறிவிப்பு படிப்பது மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், நாற்காலியை மாற்றினேன், கண்ணை மூடிச் சொல்லச் சொன்னேன். இன்னும் மோசம்.

"விட்டுரு வீபே. எனக்கு வராது. உன் நடிகனையே கூப்பிடு."

என் மனைவி நின்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அந்தக் கையப் பாருங்க, எங்க வைக்கிறதுன்னு தெரியாம தவிக்குது" என்றாள். அவ்வளவுதான், எனக்குப் பொறி தட்டியது. மனைவி பார்த்தாள், வைத்தியம் கண்டுபிடித்தது நான். துறைமுகத்துக்குப் போய் உரிக்காத இறால் ஒரு வாளி வாங்கி வந்து, மேசைமேல் செய்தித்தாள் விரித்துக் கொட்டினேன். நின்கேயை எதிரில் உட்காரவைத்தேன். தாளைப் பிடுங்கிக் கொண்டேன்.

"அந்த வீட்டப் பத்தி இவ ஒண்ணும் அறியாதவ. நீ சொல்லு."

சிட்ஸ்கே இறாலைப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே போய்விட்டன. "பனிக்கடல்ல என்ன குளிர் தெரியுமா நின்கே? தாடில பனி கட்டிக்கிட்டு ஒடச்சுத்தான் வாயைத் தொறக்கணும்..." நான் மூச்சுவிடாமல் பொத்தானை அழுத்தினேன். மாலைக்குள் எல்லா எண்ணும் முடிந்தது. எங்கேயாவது கப்பல்தலைவரைப் பனியில் தொலைக்கப் பார்த்தால் நான் கண்ணாடியைத் தட்டுவேன். "சரி சரி, திரும்பி வந்துட்டாரு, பாவம், கால்வீக்கத்தோட" என்பாள். அதையும் அப்படியே வைத்துவிட்டேன். இறாலை மூவரும் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டோம்.

ரூலோஃப் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்: "பின்னால என்ன டிக்டிக்னு ஒரு சத்தம்?"

"இறால்."

"எடுக்க முடியாதா?"

"என்னால முடியாததா? எடுத்தா அவளும் போயிருவா."

இடுக்கு நடையில் நிற்கச் சொல்லும் பேச்சே வைக்கவில்லை. "நடந்துகிட்டே கேளுங்க, சமையலறைக்கு வந்துருங்க, அங்க எடம் இருக்கு, ஈட்டிய வெளிய போறப்ப பாத்துக்கலாம்" என்று சிட்ஸ்கே சொல்வாள். ஜனங்கள் தண்ணீர்போல் ஓடினார்கள். நான் செய்த வேலை, ஓடாமல் என்ன செய்யும்.

ஆனால் பின்னறை விஷயம் வேறாக இருந்தது.

ஜூலையில் மழைபெய்த ஒரு ஞாயிறு, நானும் போய் நின்றேன். முதல் கூட்டம் முன்னறையிலிருந்து பின்னறை வாசலுக்கு வந்தது. சுவரில் எண்ணைத் தேடினார்கள். இல்லை. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இந்தத் தொழிலின் கொடுமை இது. எண் இல்லாத இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். கூரையே தங்கமாக இருந்தாலும் அப்படித்தான். அடுத்த கூட்டமும் அப்படியே. சிட்ஸ்கேயின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. ரூலோஃப் வாசலில் நின்று பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் அவள் பக்கத்தில் குனிந்தேன். "முன்னறை முடியறப்ப ஒரு வரி சேத்துர்றேன். 'பின்னறைல நான் இருக்கேன், வந்து கேளுங்க'ன்னு."

"வேண்டாம். பிச்சை எடுக்கற மாதிரி இருக்கும்."

"வேல போயிரும்டி."

"போகட்டும். என்னப் பாக்கணும்னு பெட்டி சொல்லித்தான் ஒருத்தன் என்னப் பாக்கணுமா?"

பிடிவாதம் என்றால் ஃபிரீஸ்லாந்துக்காரி பிடிவாதம். நானும் அதே மண்தான், மேலே பேசவில்லை.

மத்தியானம் போல் நெட்டையாக ஒரு மனிதர், பக்கத்து மாகாணமான குரோனிங்கனின் விவசாயி மாதிரி இருந்தார், எண்ணைத் தேடிக்கொண்டே பின்னறைக்குள் காலை வைத்தார். கட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும்போது அதன் உத்தரத்தில் மடேரென்று மண்டை இடித்தது.

"எல்லாரும் அங்கதான் இடிச்சுக்கறாங்க," என்றாள் சிட்ஸ்கே. "கப்பல்தலைவரும் இடிச்சிருப்பாரு. நல்லா தேய்ங்க, வீங்கிரும்."

அந்த மனிதர் தலையைப் பிடித்தபடி தன் கருவியைப் பார்த்தார். அதை அமுக்கிப் பார்த்தார். காதிலிருந்து எடுத்துக் குலுக்கினார். பிறகு மெதுவாகத் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்களா?"

"வேற யாரு?"

"அரை மணி நேரமா என் காதுக்குள்ள இருந்தது நீங்களா?" உடனே நடைப்பக்கம் திரும்பி ஊரே கேட்கக் கத்தினார்: "திலி! இங்க வா! அந்தப் பொம்பள நெஜமாவே இருக்கா!"

அவர் மனைவி திலி வந்தாள். திலிக்குப் பின்னால் அவள் தங்கை. அவர்களுக்குப் பின்னால் என்ன கூச்சல் என்று பார்க்க வந்தவர்கள். ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்கள். தெரிந்த ஆளைப் பார்த்துவிட்ட முகம் எல்லாருக்கும். திலிதான் முதலில் கேட்டாள்:

"கால்வீக்கத்தோட திரும்பி வந்தாருன்னு சொன்னீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?"

சிட்ஸ்கே ரூலோஃப் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தக் கட்டில்லயே செத்தாரு. இது உண்மை, சர்ச்சுல எழுதி இருக்கு. அவர் பொண்டாட்டி என்ன நெனச்சான்னு எழுதி இல்ல. நான் நெனச்சுக்கறதச் சொல்லவா? நானா நெனச்சுக்கறதுதான், பின்னாடி சண்டைக்கு வரக் கூடாது."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"வாழ்நாள் பூரா அவர் இல்லாம வீட்ட ஆண்டவ. வயசான காலத்துல வந்து கால நீட்டிகிட்டு, கஞ்சில உப்பு இல்ல, கதவு கிறீச்சுங்குதுன்னா எப்படி இருக்கும்? கடல் கொஞ்ச நாள் திரும்பவும் கூப்பிட்டுக்காதான்னு நெனச்சிருப்பா. அவர் போனதும் என்ன பண்ணியிருப்பா தெரியுமா? அழுதிருப்பா. அவ்ளோ நாள் திட்டின ஆளு இல்லாம வீடு சத்தமே இல்லாமப் போயிருக்கும்ல."

யாரும் மூக்கைச் சிந்தவில்லை. திலியின் தங்கை மட்டும் தன் வீட்டுக்காரரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்ட முடியாமல் அவர்களும் உட்கார்ந்தார்கள். ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொல்லியும் பாதிப்பேர் எழுந்திருக்கவில்லை.

ரூலோஃப் கடைசிவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டான். அந்தக் கோடையில் பின்னறையில் பெஞ்சு போடச் சொன்னதும் அவன்தான். நகராட்சிக்குப் போய்ப் பேசினான். காமிராப் பணத்தில் ஒரு பங்கு நாற்காலிக்கு என்று எழுதி வாங்க மூன்று கூட்டம் பிடித்தது என்பான். நானும் ஒரு கூட்டத்துக்குப் போய் மேசையைத் தட்டினேன். பாதிக் காரியம் அதில்தான் முடிந்தது.

அக்டோபர் கடைசியில், வீட்டை மூடும் நாளில், சிட்ஸ்கே சாவியை அவன் முன்னால் வைத்தாள். நான் கருவிகளை எடுத்துப் போக வந்திருந்தேன்.

"இந்தாங்க டைரக்டரய்யா."

"இத எதுக்கு எங்கிட்ட குடுக்கற? ஏப்ரல்ல நீதான தொறக்கணும்?"

அவள் சாவியைத் திரும்ப எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் சிட்ஸ்கே," என்றான் ரூலோஃப், "வர்ற வருஷம் ஜெர்மன்காரங்க நெறைய வருவாங்களாம். ஜெர்மன்ல யாராவது நல்ல குரலா..."

"யாரையும் தேட வேண்டாம். எனக்கு ஜெர்மன் தெரியும். எங்கப்பா ஜெர்மன் படகுக்காரங்ககிட்ட கத்துகிட்டது, எனக்கும் சொல்லித் தந்தாரு."

"பேசு பாப்போம்."

பேசினாள். எனக்குப் புரிந்தது, ரூலோஃபுக்கும் புரிந்தது. அவன் காது மறுபடி சிவந்தது.

"சிட்ஸ்கே, இது பூராவும் கெட்ட வார்த்தை."

"மீதிய குளிர்காலத்துல கத்துக்கறேன்," என்றாள்.